கட்டளை வரியில் மொழி மாதிரி: உரை உருவாகும் முறை

கட்டளை வரியிலிருந்து ஒரு மொழி மாதிரியை இயக்குவது எளிய செயல். ஒரு நிரலின் பெயரையும் சில தெரிவுகளையும் ஒரே வரியில் தட்டச்சு செய்து, தொடக்க வாசகம் ஒன்றைக் கொடுத்தால், அதன் தொடர்ச்சியாக உரை வரும். உலாவியில் திறக்கும் சாட் பெட்டியும் உள்ளுக்குள் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அங்கே எந்த மாதிரி, எத்தனை டோக்கன் (உரைத் துண்டு), என்ன வெப்பநிலை (சொல் தெரிவில் எவ்வளவு தற்செயல்) என்பவற்றைப் பெரும்பாலும் சேவையை நடத்தும் நிறுவனமே முடிவு செய்துவிடுகிறது. பயனரின் கண்ணில் படுவது கேள்வியும் பதிலும் மட்டுமே. கட்டளை வரியில் அந்த முடிவுகள் ஒவ்வொன்றும் வெளியே தெரியும்; அவற்றை மாற்றலாம், குறித்து வைக்கலாம், அதே கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். மாதிரி எப்படி எழுதுகிறது என்று கற்பவருக்கும், அதன் வெளியீட்டை ஆய்வுக்கோ அலுவலுக்கோ பயன்படுத்துபவருக்கும் இந்த வெளிப்படைத்தன்மை இன்றியமையாதது. லாமா.சிபிபி என்ற திறமூலக் கருவியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அம்முறையை விளக்குகிறது.

முன்வரலாறு

அடுத்து வரக்கூடியதைக் கணித்து உரையை நீட்டலாம் என்ற எண்ணம் இன்றைய கணினிகளுக்கு முந்தையது. 1913இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ், புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ என்ற செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்தை அடுத்து உயிர் வருவது எவ்வளவு, மெய் வருவது எவ்வளவு என்று கையால் கணக்கிட்டார். 1948இல் வெளியான தகவல் கோட்பாட்டுக் கட்டுரையில் அமெரிக்கரான கிளாட் ஷானன் இன்னும் ஒரு படி சென்று உரையையே உருவாக்கிக் காட்டினார். ஒரு புத்தகத்தைத் தற்செயலாகத் திறந்து ஓர் எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேறொரு பக்கத்தைத் திறந்து, அதே எழுத்து எதிர்ப்படும்வரை படித்து, அதற்கு அடுத்த எழுத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படியே தொடர்ந்தால் ஆங்கிலம் போலத் தோன்றும் ஓர் எழுத்துக்கோவை கிடைக்கும். எழுத்துக்குப் பதில் சொற்களை எடுத்தால் அந்தத் தோற்றம் இன்னும் நெருங்கிவரும்.

இன்றைய மாதிரிகளின் அடித்தளம் 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பு. அதன் மேல் ஓப்பன்ஏஐ நிறுவனம் கட்டிய ஜிபிடி-2 மாதிரி 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 40 ஜிபி இணைய உரையில் பயின்ற அதன் பெரிய வடிவத்தில் 150 கோடி அளவுருக்கள் இருந்தன. தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சத்தால் முதலில் சிறிய வடிவம் மட்டும் வெளியிடப்பட்டது. முழு வடிவம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது. கூடவே கிடைத்த நிரல்கள் கட்டளை வரிக்கானவை. ஒன்று எந்தத் தொடக்கமும் இல்லாமல் தானாக எழுதும்; மற்றொன்று பயனர் தட்டச்சு செய்த வரியைத் தொடர்ந்து எழுதும். சாட்ஜிபிடி வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, ஆர்வலர்கள் இந்த மாதிரியை முனையத்தில் ஓட்டிப் பழகியிருந்தார்கள்.

அடுத்த திருப்பம் 2023இல் நேர்ந்தது. மெட்டா நிறுவனம் பிப்ரவரி மாத இறுதியில் லாமா என்ற மாதிரிக் குடும்பத்தை 700 கோடி அளவுருக்களிலிருந்து 6,500 கோடி அளவுருக்கள் வரை நான்கு அளவுகளில் அறிவித்தது. எடைகள், அதாவது பயிற்சியில் உருவான அளவுரு மதிப்புகள், விண்ணப்பித்த ஆய்வாளர்களுக்கு மட்டும் என்றிருந்தாலும், சில நாட்களிலேயே இணையத்தில் பரவிவிட்டன. பல்கேரியாவைச் சேர்ந்த நிரலாளர் கியோர்கி கெர்கானோவ் 2022இலேயே பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாதிரியைச் சாதாரணக் கணினியில் ஓடும்படி சி, சி++ மொழிகளில் எழுதியிருந்தார். அதே அணுகுமுறையை லாமாவுக்கும் கொண்டுவந்து, 2023 மார்ச்சில் லாமா.சிபிபியை வெளியிட்டார். பைத்தான் தேவையில்லை, விலையுயர்ந்த ஜிபியு தேவையில்லை, ஒரு மேக்புக் மடிக்கணினியில் மாதிரியை ஓட்ட வேண்டும் என்பதே தொடக்க இலக்கு. சில நாட்களுக்குள் ராஸ்பெர்ரி பை 4 போன்ற கையடக்கப் பலகையிலும் ஒருவர் அதை ஓட்டிக்காட்டினார். ஒரு டோக்கனுக்கு 10 விநாடி பிடித்தது என்றாலும், ஓடியது.

மாதிரிக் கோப்பும் எடைச் சுருக்கமும்

பயிற்சி முடிந்த மொழி மாதிரி என்பது, கட்டளை வரியின் பார்வையில், ஒரு கோப்பு. லாமா.சிபிபி படிக்கும் கோப்பு வடிவத்தின் பெயர் ஜிஜியூஎஃப். 2023 ஆகஸ்டில் அறிமுகமானது. அடுக்குகளின் எடைகள், டோக்கன் பட்டியல், சூழலின் (மாதிரி ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளும் உரையின்) நீளம், உரையாடலை அடுக்கும் வார்ப்புரு என மாதிரியை இயக்கத் தேவையான எல்லாமே அந்த ஒரே கோப்பில் இருக்கும். ஆகவே ஒரு மாதிரியைக் கணினியில் நிறுவுவது, பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கி ஒரு கோப்புறையில் வைப்பதோடு முடிகிறது.

அந்தக் கோப்பு எவ்வளவு பெரியது என்பதுதான் எந்தக் கணினியில் எந்த மாதிரி ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. 700 கோடி என்று அழைக்கப்படும் லாமா மாதிரியில் உண்மையில் சுமார் 674 கோடி எடைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக வைத்தால் 13.5 ஜிபி ஆகும். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் அது அடங்காது. இங்கே குவான்டைசேஷன் என்ற எடைச் சுருக்கம் உதவுகிறது. அதன் எளிய வகை ஒன்றில் எடைகள் 32, 32 ஆகக் கட்டப்படுகின்றன. ஒவ்வோர் எடைக்கும் 4 பிட்; கட்டு முழுவதற்கும் பொதுவாக 16 பிட் அளவீட்டெண் ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஒரு கட்டுக்கு 144 பிட், அதாவது ஓர் எடைக்கு 4.5 பிட். இந்தக் கணக்கில் அதே மாதிரி 3.8 ஜிபிக்குச் சுருங்கி, மடிக்கணினிக்குள் வந்துவிடுகிறது.

சுருக்கம் இலவசமாகக் கிடைப்பதில்லை. எடைகளின் துல்லியம் குறையும்போது அடுத்த டோக்கனைக் கணிக்கும் திறனும் சற்றுக் குறைகிறது. 8 பிட் சுருக்கத்தில் வேறுபாட்டைக் காண்பதே அரிது. 4 பிட்டில் பெரும்பாலான வேலைகளுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். 2 பிட்டுக்கு இறங்கினால் தேய்மானம் வெளிப்படையாகத் தெரியும். இதை அளப்பதற்கென்று லாமா.சிபிபியோடு ஒரு துணைக்கருவி வருகிறது. ஒரு நீண்ட உரையைக் கொடுத்தால், அந்த உரையின் ஒவ்வொரு டோக்கனையும் மாதிரி எவ்வளவு சரியாக எதிர்பார்த்தது என்பதைப் பெர்ப்லெக்ஸிட்டி என்ற ஒற்றை எண்ணாக அது சொல்லும். எண் குறைவாக இருந்தால் கணிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

கோப்பின் அளவு வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு டோக்கனை உருவாக்க எடைகள் ஏறக்குறைய முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். இரட்டைத் தடத்தில் இயங்கும் டிடிஆர்4-3200 வகை ரேம் விநாடிக்கு அதிகபட்சம் 51.2 ஜிபி தரும். 3.8 ஜிபி மாதிரியை அதிலிருந்து விநாடிக்குச் சுமார் 13 முறைதான் படிக்க முடியும். ஆக, செயலி எவ்வளவு விரைவாக இருந்தாலும் அந்தக் கணினியில் விநாடிக்கு 13 டோக்கனைத் தாண்டுவது கடினம். 13.5 ஜிபி வடிவமாக இருந்தால் அது 4 டோக்கனுக்கும் கீழே போகும். எடைகளில் ஒரு பகுதியை ஜிபியுவின் நினைவகத்துக்கு மாற்றுவதால் கிடைக்கும் வேகத்துக்கும் முதன்மைக் காரணம், அந்த நினைவகத்தைப் படிக்கும் வேகம் பல மடங்கு அதிகம் என்பதே.

ஒரு கட்டளையின் உறுப்புகள்

லாமா.சிபிபியின் முதன்மை நிரல் தொடக்கத்தில் மெயின் என்ற பெயரில் இருந்தது; 2024 ஜூனில் லாமா-சிஎல்ஐ ஆனது. கட்டளையில் முதலில் நிரலின் பெயர். பிறகு சிறுகோடும் எழுத்துமாகத் தெரிவுகள். எம் என்ற தெரிவை அடுத்து மாதிரிக் கோப்பு இருக்கும் இடம் வரும். பி என்பதை அடுத்து மேற்கோள் குறிக்குள் தொடக்க வாசகம், அதாவது ப்ராம்ப்ட் வரும். ப்ராம்ப்ட் நீளமாக இருந்தால் அதை ஒரு கோப்பில் எழுதி, எஃப் என்ற தெரிவின் மூலம் அந்தக் கோப்பைக் காட்டலாம். என் என்பது அதிகபட்சம் எத்தனை டோக்கன் எழுத வேண்டும் என்ற எல்லை. சி என்பது சூழலின் நீளம். டி என்பது செயலியின் எத்தனை இழைகளைப் பயன்படுத்துவது என்ற எண். வெப்பநிலை, விதை எண், ஜிபியுவுக்கு மாற்ற வேண்டிய அடுக்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் தனித்தனித் தெரிவுகள் உண்டு.

எந்தத் தெரிவையும் கொடுக்காவிட்டால் கருவி தன் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். இந்த மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. மாதிரி சொன்னதையே திரும்பச் சொல்வதைக் குறைக்கும் தண்டனை எண் பழைய பதிப்புகளில் 1.1 ஆக இருந்து, பின்னர் 1.0 ஆக, அதாவது செயலற்றதாக ஆக்கப்பட்டது. ஒரே கட்டளை இரண்டு பதிப்புகளில் வெவ்வேறு போக்கில் எழுதக்கூடும் என்பதால், முக்கியமான மதிப்புகளை வெளிப்படையாகக் கட்டளையிலேயே எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

டோக்கன் டோக்கனாக

கட்டளையை இட்டதும் முதல் வேலை, ப்ராம்ப்ட்டை டோக்கன்களாகப் பிரிப்பது. டோக்கன் என்பது ஒரு சொல்லாகவோ, சொல்லின் துண்டாகவோ, ஒற்றைப் பைட்டாகவோ இருக்கலாம். லாமாவின் இரண்டாம் பதிப்பான லாமா 2 மாதிரியின் பட்டியலில் 32,000 டோக்கன்கள் உள்ளன, ஜிபிடி-2க்கு 50,257, லாமா 3க்கு 1,28,256. பிரித்த டோக்கன்கள் எண்களாக மாறி மாதிரிக்குள் செல்லும். வெளியே வருவது ஒரு சொல் அன்று. பட்டியலில் உள்ள ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்களை நிகழ்தகவுகளாக மாற்றி, அவற்றிலிருந்து ஒரே ஒரு டோக்கனைத் தெரிந்தெடுத்து, அதை ப்ராம்ப்ட்டின் கடைசியில் ஒட்டி, மறுபடி மாதிரிக்குள் அனுப்புவது கருவியின் வேலை. உரை முடிவைக் குறிக்கும் சிறப்பு டோக்கன் வரும்வரை, அல்லது கொடுத்த எல்லையை எட்டும்வரை இச்சுழற்சி தொடரும்.

ஒவ்வொரு சுற்றிலும் முழு உரையையும் மறுபடி கணக்கிடாமல் இருக்க, முந்தைய டோக்கன்களுக்கான இடைக்கணக்குகளைக் கருவி நினைவகத்தில் சேமித்து வைக்கிறது. இதைக் கேவி கேஷ் என்பார்கள். லாமா 2இன் 700 கோடி வடிவத்தில் 32 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் 4,096 எண்கள் கொண்ட இரண்டு வரிசைகள். ஓர் எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் ஒரு டோக்கனுக்கு அரை எம்பி வருகிறது. அந்த மாதிரியின் முழுச் சூழலான 4,096 டோக்கன்களுக்கு 2 ஜிபி தேவை. சூழலின் நீளத்தைக் கட்டளையில் தாராளமாக உயர்த்திவிட்டு, மாதிரி ஏன் ரேமில் அடங்கவில்லை என்று திகைப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இந்தக் கணக்கில் இருக்கும்.

தெரிவு செய்யும் விதிகள்

உரையின் இயல்பை மாதிரிக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது, நிகழ்தகவுகளிலிருந்து ஒரு டோக்கனை எடுக்கும் விதி. ‘மாலையில் அவர் ஒரு டம்ளர்’ என்ற தொடக்கத்துக்குப் பின் காபி, பால், மோர் என்று மூன்றே வாய்ப்புகள் இருப்பதாகவும், மாதிரி அவற்றுக்கு முறையே 2, 1, 0 என்று மதிப்பெண் தந்ததாகவும் கொள்ளலாம். சாஃப்ட்மேக்ஸ் என்ற சூத்திரம் இவற்றை நிகழ்தகவுகளாக மாற்றும்: காபி 66.5 விழுக்காடு, பால் 24.5, மோர் 9.0. வெப்பநிலை என்பது, இந்த மாற்றத்துக்கு முன் மதிப்பெண்கள் அனைத்தையும் வகுக்கும் எண். வெப்பநிலை 1 என்றால் மாற்றமில்லை. 0.5 என்றால் மதிப்பெண்கள் 4, 2, 0 ஆகி, காபியின் பங்கு 86.7 விழுக்காட்டுக்கு ஏறுகிறது, பால் 11.7, மோர் 1.6. வெப்பநிலை 2 என்றால் காபி 50.6, பால் 30.7, மோர் 18.6 என்று இடைவெளி குறைகிறது. வெப்பநிலை தாழும்போது மாதிரி தன் முதல் விருப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. உயரும்போது அரிய சொற்களுக்கும் வாய்ப்பளிக்கிறது. சுழியம் என்று கொடுத்தால் எப்போதும் முதலிடத்தில் உள்ள டோக்கனே எடுக்கப்படும்.

உண்மையான பட்டியலில் மூன்று அல்ல, பல்லாயிரம் வாய்ப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் மிகச் சிறிய நிகழ்தகவு கொண்டிருந்தாலும், பொருந்தாத டோக்கன்கள் அனைத்தின் கூட்டு நிகழ்தகவு புறக்கணிக்கத்தக்கதன்று. நூறு டோக்கன் எழுதுவதற்குள் அவற்றில் ஒன்று நுழைந்துவிடலாம். நுழைந்தபின் மாதிரி அதையும் உரையின் பகுதியாக ஏற்றுத் தொடர்ந்து எழுதும். ஆகவே நிகழ்தகவு குறைந்த இந்த வாலை வெட்டும் விதிகள் தேவைப்படுகின்றன. டாப்-கே என்பது முதல் 40 டோக்கன்களை மட்டும் வைத்துக்கொள்வது போன்ற எண்ணிக்கை விதி. டாப்-பி என்பது, பெரியதிலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை குறித்த அளவை எட்டியதும் மற்றவற்றை விட்டுவிடும் விதி. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அளவு 90 விழுக்காடு என்றால் காபியும் பாலும் சேர்ந்தே 91 ஆகிவிடும், மோருக்கு இடமில்லை. வெப்பநிலையை 2 ஆக்கியபின் வெட்டினாலோ முதல் இரண்டும் 81.3தான், மோர் உள்ளே வந்துவிடும். மின்-பி என்ற பிந்தைய விதி, முதலிடத்தின் நிகழ்தகவில் குறித்த பங்குக்குக் கீழே உள்ளவற்றை நீக்குகிறது.

இந்த எடுத்துக்காட்டு வரிசையின் முக்கியத்துவத்தையும் காட்டுகிறது. வெப்பநிலையை முதலில் செலுத்திவிட்டு வெட்டினால் ஒரு விளைவு. வெட்டிவிட்டு வெப்பநிலையைச் செலுத்தினால் வேறு விளைவு. லாமா.சிபிபியின் இயல்பு வரிசையில் வெட்டும் விதிகள் முன்னும் வெப்பநிலை கடைசியிலும் வருகின்றன. வேறு பல நூலகங்களில் வெப்பநிலை முதலில் வருகிறது. ஒரே எண்களை இரண்டு கருவிகளில் கொடுத்து, ஒரே மாதிரியான உரையை எதிர்பார்ப்பது அதனால் பிழையாகிறது.

எப்போதும் முதலிடத்தையே எடுப்பதுதானே பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆரி ஹோல்ட்ஸ்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறானதைக் காட்டியது. நிகழ்தகவை உச்சமாக்கும் முறைகளால் எழுதப்பட்ட நீண்ட உரை சப்பென்று ஆகி, ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சுழலில் சிக்குகிறது. மனிதர் எழுதும் உரையில் எதிர்பார்த்த சொல்லும் எதிர்பாராத சொல்லும் மாறி மாறி வருகின்றன. டாப்-பி விதியை முன்வைத்தது அந்த ஆய்வே. தேதி, பெயர் போன்றவற்றைப் பிரித்தெடுக்கும் குறுகிய வேலைக்குத் தாழ்ந்த வெப்பநிலையும், கதை போன்ற நீண்ட எழுத்துக்கு 0.7 முதல் 1 வரையிலான வெப்பநிலையும் பொதுவாகப் பயன்படுகின்றன.

விதை எண்

தற்செயலாகத் தெரிந்தெடுப்பது என்றாலும், கணினி பயன்படுத்துவது ஒரு சூத்திரம் உருவாக்கும் எண் வரிசையைத்தான். அந்த வரிசை எங்கே தொடங்கும் என்பதை விதை எண் தீர்மானிக்கிறது. விதை எண்ணைக் குறிப்பிடாவிட்டால் கருவி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளும், உரையும் மாறும். 42 என்று கொடுத்து இருமுறை ஓட்டினால், மற்றவை மாறாதவரை, அதே உரை வரும்.

மற்றவை மாறாதவரை என்ற நிபந்தனை பெரியது. கணினி தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களில் மிகச் சிறிய வேறுபாடு தோன்றும். செயலிக்குப் பதில் ஜிபியு, வேறொரு பதிப்பு, வேறொரு சுருக்க வகை என எதை மாற்றினாலும் இது நேரலாம். இரண்டு டோக்கன்கள் ஏறக்குறைய சமமான நிகழ்தகவில் நிற்கும் இடத்தில் அந்தச் சிறு வேறுபாடு ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்கச் செய்யும். அங்கிருந்து இரண்டு உரைகளும் வெவ்வேறு வழியில் போய்விடும். ஆகவே விதை எண் ஒரே கணினியில், ஒரே பதிப்பில் மறுஉருவாக்கத்துக்கு நம்பகமான கருவி. அதற்கு வெளியே அது உறுதியளிப்பதில்லை.

உரையாடல் வார்ப்புருவும் இலக்கண வரம்பும்

இணைய உரையில் மட்டும் பயின்ற அடிப்படை மாதிரி, கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அறியாது. ஒரு கேள்வியைக் கொடுத்தால், வினாத்தாள் ஒன்றின் தொடர்ச்சியைப் போல மேலும் ஐந்து கேள்விகளை எழுதக்கூடும். அதனிடம் வேலை வாங்க, வேண்டிய உரையின் முதல் வரிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். சுருக்கம் வேண்டுமென்றால் கட்டுரையை இட்டு, அதன் கீழே ‘சுருக்கம்’ என்று எழுதி நிறுத்துவது பழைய உத்தி.

அறிவுறுத்தல்களைப் பின்பற்றப் பயிற்றுவிக்கப்பட்ட மாதிரிகள் வேறு வகை. அவற்றின் பயிற்சியில் பயனரின் பேச்சு எங்கே தொடங்குகிறது, மாதிரியின் பதில் எங்கே முடிகிறது என்பதைச் சிறப்பு டோக்கன்கள் குறித்திருக்கும். இந்த வார்ப்புரு மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கருவி கோப்பிலிருந்தே அதை எடுத்துப் பொருத்திவிடும். பயனர் அதை அணைத்துவிட்டாலோ, தவறான வார்ப்புருவைக் கொடுத்தாலோ, மாதிரி பதிலைச் சொல்லி முடித்து, பயனரின் அடுத்த கேள்வியையும் தானே எழுதி, அதற்கும் பதில் சொல்லிக்கொண்டு போகும். கோளாறு மாதிரியில் இருப்பதுபோல் தோன்றும் பல சந்தர்ப்பங்களில் பிழை வார்ப்புருவில் இருக்கிறது.

வெளியீடு மனிதர் படிப்பதற்கு அல்லாமல் வேறொரு நிரலுக்குப் போக வேண்டுமென்றால் அதன் வடிவம் பிசகக்கூடாது. 2023 ஜூலையில் லாமா.சிபிபி இதற்காக இலக்கணக் கோப்பு என்ற வசதியைச் சேர்த்தது. ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கோ, ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளுக்கோ விதிகளை எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த விதிகளுக்குப் பொருந்தாத டோக்கன்கள் தெரிவுக்கு முன்பே நீக்கப்படும். வடிவம் உறுதியாகிறது, உள்ளடக்கத்தின் சரி, தவறுக்கு இலக்கணம் பொறுப்பேற்பதில்லை.

பைப்பின் வலிமை

யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973 முதல் இருந்துவரும் பைப் என்ற வசதி, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாக்குகிறது. டக் மெக்கில்ராய் வலியுறுத்திய அந்த எண்ணத்தை கென் தாம்சன் செயல்படுத்தினார். மொழி மாதிரியைக் கட்டளை வரிக்குக் கொண்டுவந்ததும் அரை நூற்றாண்டாகச் சேர்ந்த அந்தக் கருவிகள் அனைத்தும் அதற்குத் துணையாகிவிடுகின்றன. ஒரு கோப்புறையில் உள்ள முந்நூறு மனுக்களில் ஒவ்வொன்றையும் எடுத்து, அது எதைப் பற்றியது என்று மாதிரியிடம் கேட்டு, விடைகளை ஒரே அட்டவணையில் சேர்த்து, வகைவாரியாக எண்ணித் தருவது சில வரி ஸ்கிரிப்ட்டில் முடியும். சாட் பெட்டியில் இதே வேலைக்கு முந்நூறு முறை நகலெடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. லாமா.சிபிபி தன் உரையை ஒரு தடத்திலும், ஏற்றுதல், வேகம் பற்றிய செய்திகளைப் பிழைத் தடம் எனப்படும் மற்றொன்றிலும் அனுப்புகிறது. இரண்டையும் பிரித்துக் கையாண்டால்தான் கோப்பில் உரை மட்டும் தூய்மையாகச் சேரும்.

இதே பாணியில் வேறு கருவிகளும் வளர்ந்தன. லாமா.சிபிபியின் மேல் கட்டப்பட்ட ஒல்லாமா, மாதிரியைப் பதிவிறக்குவதையும் ஓட்டுவதையும் ஒரே சொல்லில் அடக்கியது. சைமன் வில்லிசன் 2023இல் வெளியிட்ட எல்எல்எம் என்ற கருவி, தொலைவிலுள்ள சேவைகளையும் கணினியிலுள்ள மாதிரிகளையும் ஒரே கட்டளையால் அழைக்கிறது. கேட்டதையும் பெற்றதையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிந்தும் வைக்கிறது. தொலைவிலுள்ள சேவையை அழைக்கும்போது ப்ராம்ப்ட் கணினியை விட்டு வெளியே செல்கிறது என்பதை மறக்கலாகாது. நோயாளியின் குறிப்போ, கட்சிக்காரரின் ஆவணமோ கையில் இருப்பவர் தன் கணினியிலேயே ஓடும் மாதிரியைத் தேர்வதற்கு இதுவே போதுமான காரணம்.

தமிழ் உரைக்கான கணக்கு

யூடிஎஃப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட். ‘வணக்கம்’ என்ற சொல்லில் எழுத்துகள் ஐந்து, புள்ளிகளையும் சேர்த்துக் குறிகள் ஏழு, பைட்டுகள் 21. டோக்கன் பட்டியலில் தமிழ்த் துண்டுகள் இல்லாத மாதிரி பைட் அளவுக்கு இறங்கிப் பிரிக்கும். அப்போது இந்த ஒரு சொல்லுக்கே 21 டோக்கன் வரை செலவாகலாம். ஆங்கிலத்தில் ஒரு டோக்கன் ஏறத்தாழ முக்கால் சொல் என்பது பரவலான கணக்கு. 200 டோக்கன் எல்லைக்குள் ஆங்கிலத்தில் ஒரு நல்ல பத்தி வந்துவிடும். இத்தகைய மாதிரியில் தமிழில் ஒன்றிரண்டு வாக்கியத்தோடு நின்றுவிடும். சூழலும் அதே விகிதத்தில் சுருங்குகிறது. காத்திருக்கும் நேரமும் அதே விகிதத்தில் நீள்கிறது.

இதைச் சரிசெய்யும் வழிகளில் ஒன்று பட்டியலை விரிப்பது. 2023 நவம்பரில் வெளியான தமிழ்-லாமா, லாமா 2இன் 32,000 டோக்கன்களோடு 16,000 தமிழ் டோக்கன்களைச் சேர்த்து, தமிழ் உரையில் மேலும் பயிற்சி அளித்தது. பின்னர் வந்த பல மாதிரிகள் தொடக்கத்திலிருந்தே பெரிய பட்டியலோடு வந்தன. கூகுளின் ஜெம்மாவில் ஏறக்குறைய 2,56,000 டோக்கன்கள். பட்டியல் பெரிதாக இருப்பதாலேயே தமிழுக்குரிய பங்கு கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. லாமா.சிபிபியின் டோக்கன் பிரிக்கும் துணைக்கருவியில் ஒரு பத்தித் தமிழைக் கொடுத்து, எத்தனை டோக்கன் ஆகிறது என்று எண்ணிப் பார்ப்பதே, மாதிரியைத் தேர்வதற்கு முன் செய்ய வேண்டிய முதல் சோதனை.

திரையிலும் சில சிக்கல்கள் தோன்றும். ஓர் எழுத்தின் பைட்டுகள் இரண்டு டோக்கன்களில் பிரிந்து வரும்போது, முதல் பாதியைப் பெற்ற நிரல் அதை எழுத்தாக்க முடியாமல் கேள்விக்குறி கொண்ட கறுப்புக் கட்டத்தைக் காட்டக்கூடும். மெய்யும் உயிர்க்குறியும் பிரிந்து வந்தால் ‘க’ என்று தோன்றியது அடுத்த கணம் ‘கொ’ என்று மாறும். சம அகலக் கட்டங்களில் எழுத்தை வைக்கும் பல முனையங்கள் கொம்பையும் துணைக்காலையும் இடம் மாற்றிக் காட்டுகின்றன. வெளியீட்டைக் கோப்பில் சேர்த்து, தமிழைச் சரியாகக் காட்டும் திருத்தியில் திறந்து பார்த்தால், பிழை உரையில் உள்ளதா, காட்சியில் மட்டும் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

எச்சரிக்கையும் பதிவும்

மாதிரி எழுதித் தரும் கட்டளையை அப்படியே பைப் வழியாக, கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லுக்கு அனுப்பி இயக்குவது ஆபத்தானது. கோப்புகளை அழிக்கும் ஒரு வரியும், ஒழுங்குபடுத்தும் ஒரு வரியும் ஓரிரு டோக்கன்களில் மட்டுமே வேறுபடக்கூடும். வெளியிலிருந்து வந்த உரையை மாதிரிக்குள் செலுத்தும்போது மற்றோர் ஆபத்தும் உண்டு. சுருக்கச் சொல்லிக் கொடுத்த மின்னஞ்சலுக்குள், முந்தைய அறிவுறுத்தலைக் கைவிட்டு வேறொன்றைச் செய் என்று யாரேனும் எழுதியிருந்தால், மாதிரி அதற்குக் கீழ்ப்படியலாம். பயனரின் அறிவுறுத்தலும் பிறரின் உரையும் மாதிரிக்குள் ஒரே டோக்கன் வரிசையாகச் செல்வதே காரணம். 2022இல் ப்ராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயரிடப்பட்ட இக்குறைக்கு முழுமையான தீர்வு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே மாதிரியின் வெளியீட்டை ஒரு மனிதர் படித்துப் பார்க்கும் படி ஒன்றைத் தொடரின் நடுவே வைப்பது அவசியம்.

உண்மைத்தன்மையைப் பொறுத்தவரை கட்டளை வரி எந்தச் சலுகையும் தருவதில்லை. மாதிரி தேர்வது வரக்கூடிய டோக்கனை. அது சொல்லும் ஆண்டும் பெயரும் மேற்கோளும் தனியே சரிபார்க்கப்பட வேண்டியவை. வெப்பநிலையைச் சுழியமாக்கினால் பதில் மாறாமல் வரும். தவறான பதிலாக இருந்தால் அதுவும் மாறாமல்தான் வரும்.

ஆய்வில் பயன்படுத்துவோர் சில விவரங்களை உரையோடு சேர்த்துப் பதிய வேண்டும்: மாதிரியின் முழுப் பெயரும் சுருக்க வகையும், கருவியின் பதிப்பு, ப்ராம்ப்ட்டின் முழு வாசகம், வார்ப்புரு, வெப்பநிலையும் வெட்டும் விதிகளின் மதிப்புகளும், விதை எண், ஓட்டிய கணினியின் வகை. கட்டளை வரியில் இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒரே வரியில் எழுத்தாக நிற்கின்றன. அந்த வரியை நகலெடுத்து வைத்தாலே பதிவின் பெரும்பகுதி முடிந்துவிடும். இந்தப் பதிவு இருந்தால், மாதிரி எழுதிய உரையை மற்றொருவர் அதே நிலைமைகளில் மறுபடி உருவாக்கிச் சோதிக்க முடியும். முடிவுகள் வேறுபட்டால் எந்த உறுப்பு மாறியதால் வேறுபட்டன என்று தேடவும் முடியும்.